தரம் பிரித்த பயம்

இத்தா முடிந்த அன்று நசீமுன்னிசா குளித்து, வெள்ளைத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, நடை வரைக்கும் வந்தாள். புருஷன் இறந்து நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருந்த பெண், அன்றைக்கு வாசலைத் தாண்டி எதிர்வீட்டுக்காவது போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். ஆம்பூரில் அந்தத் தெருவின் வழக்கம் அது. எதிர்வீட்டில் சர்பத் கரைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மாமியார் புண்பட்ட காலை இழுத்துக்கொண்டு வந்து, வாசல் படுதாவை ஒதுக்கிப் பிடித்தாள்.

தெரு தெரிந்தது. பத்தடி அகலத் தெரு. ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டி ஒன்று தோல் பதனிடும் ஷாப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான். நசீமுன்னிசாவுக்கு நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. காதுக்குள் ஏதோ இரைந்தது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு பாதியில் நின்றது. சாகப்போகிறேன் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே சுவரைப் பிடித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எதிர்வீட்டுப் பெண்கள் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். புருஷன்மேல் இத்தனை பாசம் வைத்தவளை இந்தத் தெரு பார்த்ததில்லை என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலு மாதமாக ஜன்னலைக்கூட எட்டிப் பார்க்காதவள், என்ன பொறுமை, என்ன பக்தி என்று இன்னொருத்தி சொன்னாள். நசீமுன்னிசாவுக்கு மட்டும்தான் தெரியும், அது பொறுமையும் இல்லை, பக்தியும் இல்லை என்று. ஜன்னல் பக்கம் போனாலே அவளுக்கு இப்படித்தான் ஆகும். வெளியே போகக் கூடாத காலமாக இருந்ததால், போக முடியாது என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இனிமேல் படும்.

பத்து நாள் கழித்து வாணியம்பாடியிலிருந்து கடிதம் வந்தது. எழுதியவர் புருஷனின் அண்ணன் நிசார் அஹமது. போன வருஷம், சீமையில் நடந்த பெரிய சண்டை முடிகிற சமயத்தில், விஷக் காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போனபோது, நசீமுன்னிசாவின் புருஷன் ஆபித் பாஷா ஆறு வயது மகள் சைராவை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அடுத்த ஐந்தாம் நாள் அவரே போய்விட்டார். குழந்தை அங்கேயே இருந்தது.

கடிதத்தில் கோபம் துளிகூட இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. வியாபாரம் மதராஸுக்கு மாறுகிறது, குடும்பத்தோடு பெரியமேட்டுக்குப் போகிறோம், ரம்ஜானுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பகல் பாசஞ்சரில் ஏறுகிறோம் என்று நிசார் அஹமது எழுதியிருந்தார். அந்த ரயில் ஆம்பூரில் ஐந்து நிமிஷம் நிற்கும். நசீமுன்னிசா பிளாட்பாரத்துக்கு வந்து மகளைக் கையைப் பிடித்து இறக்கிக்கொள்ளட்டும். வேறு ஆளை அனுப்ப வேண்டாம். அவள் வாசலைத் தாண்டுவதில்லை என்று காதில் விழுந்தது. நாளைக்குக் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் என்றால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது? அரை மைல் வர முடியாதவளிடம் எந்த தைரியத்தில் விடுவேன்? வரவில்லை என்றால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். என் மனைவி அஃப்ஸர் ஜஹானுக்குப் பிள்ளை இல்லை. சைரா எங்கள் மகளாக மதராஸுக்கு வருவாள்.

ஒன்பது வாரம் இருந்தது.

மாமியார் தாயத்து கட்டினாள். ஓதிய தண்ணீர் தெளித்தாள். மூன்று முறை படுதா வரைக்கும் போய்ப் பார்த்து, மூன்று முறையும் நசீமுன்னிசா திரும்பி வந்து அடுப்படியில் படுத்துக்கொண்டாள். சாப்பாடு இறங்கவில்லை. தலை வாரப் பிடிக்கவில்லை. சைராவின் சின்ன ஜரிகைக் குல்லாவை எடுத்துப் பார்ப்பாள். மறுபடி பெட்டிக்குள் வைப்பாள்.

மாமியாரின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட செவ்வாயும் வெள்ளியும் பாதிரிமார் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஆரோக்கியமேரி வருவாள். நசீமுன்னிசாவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். நடந்து நடந்து குதிகால் வெடித்தவள். உள்ளே வந்ததும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்பாள். அன்றைக்குத் தண்ணீரை வாங்கியவள் குடிக்காமல் நசீமுன்னிசாவின் கையையே பார்த்தாள்.

"வாசக்கதவு திறந்திருந்தப்போ சொம்பு ஆடுச்சு, பீபிம்மா. சாத்தினதும் நின்னுபோச்சு. இன்னா ஆவுது உங்களுக்கு?"

இத்தனை மாதத்தில் அவளை யாரும் கேட்காத கேள்வி அது. எல்லோரும் ஆறுதல்தான் சொன்னார்கள். நசீமுன்னிசா கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அடுத்த முறை ஆரோக்கியமேரி ரோஸ் நிறத்தில் ஒரு பாட்டில் மருந்தோடு வந்தாள். இதை மருமகளுக்கு அடுப்படியில் கதவைச் சாத்தி, அரை மணி நேரம் பக்கத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்று மாமியாரிடம் சொன்னாள். உள்ளே போனதும் பாட்டிலை மூலையில் வைத்துவிட்டு, பாய் விரித்து உட்கார்ந்தாள். அதில் இருப்பது ரோஸ் சாயம் போட்ட சீரகத் தண்ணீரும் சர்க்கரையும்தான் என்றாள். சும்மா பேசுவதற்கு வருகிறேன் என்றால் எந்த வீட்டில் உள்ளே விடுவார்கள்? ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டரம்மா சண்டை நடந்த சீமையில் வேலை பார்த்தவர். அங்கே உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத சிப்பாய்கள் கைகால் நடுங்கி, பேச்சிழந்து கிடந்தார்களாம். அவர்களை ஒருவர் எதிரில் உட்காரவைத்து, நாள் தவறாமல் பேசவைத்தபோது சிலர் எழுந்து நடந்தார்களாம். டாக்டரம்மாவுக்கு உருதும் வராது, தமிழும் பாதிதான். அதனால் கேட்கிற வேலை ஆரோக்கியமேரிக்கு வந்தது.

"எல்லாரும் எழுந்தாங்களா?" என்று கேட்டாள் நசீமுன்னிசா.

"இல்லையாம். பொய் சொல்ல மாட்டேன்."

அந்த 'இல்லை'தான் அவளைப் பேசவைத்தது. தமிழில் பேசினாள். வீட்டில் உருதுதான். உருதில் எந்த வார்த்தையை எடுத்தாலும் அதில் மாமியாரும் மச்சினரும் உட்கார்ந்திருந்தார்கள். கடைகண்ணிக்கென்று கற்ற தமிழில் யாரும் இல்லை. முதலில் உடம்புக்கு ஆவதைச் சொன்னாள். பிறகு ஆபித் பாஷாவைப் பற்றிச் சொன்னாள். அவர் தோல் ஷாப்பில் தரம் பிரிப்பவர். பதப்பட்ட தோல் கட்டுக்கட்டாக வரும். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, உண்ணிக் கடி, கத்தி வெட்டு, சூட்டுத் தழும்பு எல்லாம் கையாலேயே கண்டுபிடித்து, ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர், மூணாம் நம்பர், கழிவு என்று சொல்லி எறிவார். ராத்திரி தூக்கத்தில்கூட அவர் கை அவள் முதுகில் தரம் பார்க்கும் என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள். ஆரோக்கியமேரி சிரித்துவிட்டாள். இவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததை நினைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள்.

மூன்றாவது வாரம் அது வெளியே வந்தது.

ஆபித் பாஷா இறந்த அன்றைக்குத் தெருவே காய்ச்சலில் படுத்திருந்தது. மாமியாருக்கும் நினைவில்லை. காலையில் ஆபித் பாஷா மூச்சு வாங்கிக்கொண்டே, ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பு என்றார். அனுப்புவதற்கு ஆள் இல்லை. அவள் புர்காவைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் தனியாக அவள் அந்தப் படியை இறங்கியதில்லை. ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரியாது. ஒரு காலை வெளியே வைத்தாள். எடுத்தாள். யாராவது ஆண்பிள்ளை இந்த வழியாக வருவான், சொல்லி அனுப்பலாம் என்று படுதாவுக்குப் பின்னால் நின்றாள். உள்ளேயிருந்து அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

"படியிலயே நின்னேன், நர்ஸம்மா. சாயங்காலம் வரைக்கும்."

ஆரோக்கியமேரியின் கண் நிறைந்துவிட்டது. அவள் பாய்ந்து நசீமுன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை, எல்லாம் ஆண்டவன் கணக்கு, மறந்துவிடுங்கள் என்றாள்.

நசீமுன்னிசா கையை இழுத்துக்கொண்டாள். தெருப் பெண்கள் சொல்வதைத்தான் இவளும் சொல்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை தலைவலி என்று படுத்துக்கொண்டாள். செவ்வாயும் அப்படியே. அந்த ரோஸ் மருந்தை வீணாக்குவானேன் என்று மாமியாரே எடுத்து வேளாவேளைக்குக் குடித்து, கால் வலி கம்மியாயிருக்கிறது என்று நர்ஸிடம் சொன்னாள். இரண்டு வாரம் வீணாகப் போனது. நாலு வாரம்தான் மிச்சம்.

ஐந்தாம் வார வெள்ளிக்கிழமை ஆரோக்கியமேரி அடுப்படிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, கதவைப் பார்த்துப் பேசினாள். டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்றாள்.

"அழுகையப் பாக்க முடியாம நான்தான் உங்க வாயை அடைச்சேன், பீபிம்மா. உங்களுக்காக இல்ல, எனக்குத் தாங்கல. இன்னொரு வாட்டி சொல்லுங்க. பதில் சொல்லாம கேக்கறேன்."

வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது.

மறுபடியும் சொன்னாள். அடுத்த முறையும் அதையே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது புதிதாக ஒன்று ஞாபகத்துக்கு வந்தது: படியில் கிடந்த எறும்பு வரிசை, மசூதியில் பாங்கு சொன்னவரின் கம்மிய குரல். ஆரோக்கியமேரி ஒவ்வொரு தடவையும் பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். அடுப்படியிலிருந்து முற்றம். முற்றத்திலிருந்து நடை. பேச்சு நின்றால் பாயும் அங்கேயே நின்றது. இரண்டு தடவை பின்னாலேயும் போனது.

ஏழாம் வாரம் நசீமுன்னிசா கேட்டாள்: "நான் அன்னிக்கு ஓடி வந்திருந்தா அவர் பொழைச்சிருப்பாரா?"

ஆரோக்கியமேரி சுவரைப் பார்த்தாள்.

"தெரியாது. ஆனா அன்னிக்கு ஆஸ்பத்திரிக் கதவு பூட்டியிருந்துச்சு. டாக்டரம்மாவுக்கும் காய்ச்சல், எனக்கும் காய்ச்சல். உள்ள பாயில கெடந்தேன். யாரோ தட்டினாங்க. எழுந்திருக்க முடியல. யாருன்னு இன்னி வரைக்கும் தெரியாது."

நசீமுன்னிசாவுக்கு நிம்மதி வரவில்லை. கோபம்தான் வந்தது. உச்சந்தலை வரைக்கும் ஏறியது. இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை, ஏழு வாரம் என்னைக் கிளறிப் பார்த்தாயா என்று, மாமியார் காதில் விழுகிற அளவுக்குச் சத்தம் போட்டாள். சொல்லியிருந்தால் அதுவும் ஆறுதல் மாதிரித்தான் காதில் விழுந்திருக்கும் என்று ஆரோக்கியமேரி மெதுவாகச் சொன்னாள். தன் காதில் அந்தத் தட்டுகிற சத்தம் இன்னும் கேட்கிறது என்றும் சொன்னாள். இரண்டு பேரும் நடையில், படுதாவுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். நசீமுன்னிசா அப்போதுதான் கவனித்தாள்: கோபத்தில் படுதாவை மறந்துபோயிருக்கிறாள்.

அதற்குப்பின், பயத்தையும் தோல் மாதிரித் தரம் பிரிக்கலாம் என்று சொன்னது நசீமுன்னிசாதான். கட்டோடு பார்த்தால் பயம் ஒரே பயமாக இருந்தது. ஒவ்வொன்றாக விரித்தால் நாலு இருந்தது. நெஞ்சு நின்றுபோகும் என்பது ஒன்று. இத்தனை வாரம் இத்தனை அடி அடித்தும் நிற்கவில்லை, எங்கே தொட்டாலும் ஓட்டை, கழிவு. ஆண்கள் பார்ப்பார்கள் என்பது மூணாம் நம்பர். பார்ப்பார்கள், போவார்கள். நடுத்தெருவில் விழுந்துவிடுவேன் என்பது ரெண்டாம் நம்பர், ஏனென்றால் விழத்தான் விழலாம். நாலாவதைச் சொல்ல அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது.

"சைரா என்னைப் பாத்துட்டு, வரமாட்டேன்னு சொல்லிட்டா? அதுல ஒரு வெட்டும் இல்ல, நர்ஸம்மா. ஒண்ணாம் நம்பர்."

"அதை நான் கழிக்க முடியாது, பீபிம்மா" என்றாள் ஆரோக்கியமேரி.

கடைசி வாரத்தில் நசீமுன்னிசா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை படியிறங்கினாள். ஒரு தடவை எதிர்வீட்டுச் சுவரைத் தொட்டுவிட்டு வந்து வாந்தி எடுத்தாள். தனியாக ஒருமுறைகூட இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருகிறேன், கூடவே வருகிறேன் என்று ஆரோக்கியமேரி சொல்லியிருந்தாள்.

ஞாயிறு பதினோரு மணிக்கு, மாமியார் சொல்லிவைத்திருந்த வண்டிக்காரன் ஜியாவுல்லாவின் ஜட்கா வாசலில் வந்து நின்றது. பதினொன்றே கால். ஆரோக்கியமேரி வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது: தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் ஒருவன் விழுந்துவிட்டான், நர்ஸம்மா அவனைவிட்டு வர முடியாது, உங்களைப் போகச் சொன்னார்கள்.

மாமியார் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஜியாவுல்லா வெளியே குதிரையிடம் பேசுவதுபோல, இப்போதே கிளம்பினால் ரயில், இல்லையென்றால் ரயில் போன தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்றான்.

புர்காவுக்குள் நசீமுன்னிசாவின் கை மரத்தது. காது இரைந்தது. படுதாவைப் பிடித்தபடி நின்றாள். அதே இடம். அன்றைக்கு நின்ற அதே இடம். கழிவு, என்றாள் வாய்க்குள். நெஞ்சு அதைக் கேட்கவில்லை. அது பாட்டுக்கு அடித்தது. அடிக்கட்டும். மூணாம் நம்பர். ரெண்டாம் நம்பர். விழுந்தால் ஜியாவுல்லா சத்தம் போடுவான், யாராவது தூக்குவார்கள். ஒரு காலை வெளியே வைத்தாள். எடுக்கத் தோன்றியது. உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. இனிமேல் கூப்பிடவும் மாட்டார்கள். இன்னொரு காலையும் வைத்தாள்.

ஜட்காவின் திரைக்குள் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தாள். கடைத்தெருத் திருப்பத்தில் வண்டி நின்றது. ஆவாரம்பட்டை வண்டி ஒன்று அச்சு முறிந்து, மூட்டைகள் வழி முழுக்கச் சிதறிக் கிடந்தன. தூரத்தில் ரயில் ஊதியது.

"இன்னா பீபிம்மா பண்றது? வண்டி போவாது. நடந்தா எட்டிப் பிடிச்சிடலாம். வாங்க, வழி காட்றேன்."

இறங்கினாள். பட்டை மூட்டைகளை மிதித்து ஏறி, இறங்கி, ஜியாவுல்லாவின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். வெயில் புர்காவுக்குள் கொதித்தது. ஒரு இடத்தில் முழங்கால் மடங்கிக் கீழே உட்கார்ந்தே விட்டாள். விழுந்தாயிற்று. மூன்று ஆண்கள் பார்த்தார்கள். எழுந்து மறுபடி நடந்தாள்.

ரயில் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. பிளாட்பாரம் முழுக்க ஆட்கள், கூடைகள், அனுப்பக் காத்திருக்கும் தோல் கட்டுகள். நாலைந்து பெட்டி தள்ளி நிசார் அஹமது கதவருகில் நின்று கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் அஃப்ஸர் ஜஹானின் புடவையைப் பிடித்தபடி சைரா. உயரமாகியிருந்தாள். பிளாட்பாரத்தில் புர்கா போட்ட பெண்கள் அங்கங்கே இருந்தார்கள். குழந்தையின் பார்வை ஒவ்வொருத்தியாகத் தாண்டி, இவளையும் தாண்டிப் போனது.

கார்டு கொடியை எடுத்தான்.

அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவள் குரல் எழுந்ததே இல்லை. "சைரா" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். தலைகள் திரும்பின. சைராவும் திரும்பினாள்.

நசீமுன்னிசா பெட்டிக் கதவுக்குக் கீழே போய் நின்றாள். நிசார் அஹமது விலகி வழிவிட்டார். குழந்தை இறங்கவில்லை. புடவையை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

"நீங்க ஏன் இத்தனை நாள் வரல?" என்றது.

எத்தனையோ சமாதானம் சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லை, இத்தா, வேலை. நசீமுன்னிசா முகத்திரையை மேலே தூக்கிவிட்டாள்.

"பயமா இருந்துச்சும்மா. வாசலைப் பாத்தாலே பயம். அதான் வரல."

"இப்போ?"

"இப்பவும் இருக்கு. கையைப் பாரு."

சைரா நடுங்குகிற அந்தக் கையைப் பார்த்தாள். அஃப்ஸர் ஜஹானை நிமிர்ந்து பார்த்தாள். அஃப்ஸர் ஜஹான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, புடவையிலிருந்து குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி விரலைப் பிரிக்க அவளுக்கு நேரமாயிற்று.

"எனக்கும் ராத்திரியில பயமா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே சைரா இறங்கினாள்.

நிசார் அஹமது ஒரு சின்னத் தகரப் பெட்டியை இறக்கி வைத்தார். ரயில் நகர்ந்தது. ஜன்னலில் அஃப்ஸர் ஜஹானின் கை கொஞ்ச தூரம் தெரிந்தது. நசீமுன்னிசா அதை, கண்ணுக்கு மறையும் வரைக்கும் பார்த்தாள்.

பிறகு ஒரு தோல் கட்டின்மேல் உட்கார்ந்தாள். சைராவும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நசீமுன்னிசாவின் உள்ளங்கை தானாகவே மேல் தோலை ஒரு தடவு தடவியது.

"அப்பா இப்படித்தான் செய்வாங்க" என்றாள் சைரா. அவளும் தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா செத்துப்போனப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்களா? யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றாள்.

ஜட்கா வர நேரமிருந்தது. நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. நசீமுன்னிசா மகளின் விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"பக்கத்துல இல்ல. வாசல்ல இருந்தேன்" என்று ஆரம்பித்தாள்.